தவழாத குழந்தைக்கு வாக்கர் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 10 மாதம். நன்றாக உட்காருகிறாள், ஆனால் தவழவில்லை. உட்கார்ந்தபடியே பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்கிறாள். வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடப்பாள் என்கிறார் மாமியார். வாங்கலாமா?

பதில்: வாக்கர் வேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

எல்லாக் குழந்தைகளும் முட்டி போட்டுத்தான் தவழ வேண்டும் என்பதில்லை. இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சில குழந்தைகள் 5 மாதம் தாண்டியதுமே முட்டி போட்டுத் தவழ்ந்தார்கள். சிலருக்கு 13 மாதம்கூடத் தாண்டியது. நூற்றுக்கு நான்கு பேர் அப்படித் தவழவே இல்லை. உங்கள் மகளைப் போல் உட்கார்ந்தே நகரும் குழந்தைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள். இது பரம்பரையாக வருவதும் உண்டு. அவள் அப்பா சின்ன வயதில் எப்படி நகர்ந்தார் என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள்.

சரி, வாக்கருக்கு வருவோம். அதில் குழந்தை நிற்பதில்லை, தொங்குகிறது. நுனிக்காலால் உந்தினால் போதும், வண்டி ஓடிவிடும். உடம்பைத் தாங்கவும் சாய்ந்தால் சமாளிக்கவும் இடுப்புக்கு வேலையே இல்லை. தன் பாதம் எங்கே படுகிறது என்றுகூடக் குழந்தைக்குத் தெரியாது. பிறகு எப்படி நடை வரும்? அதைவிடப் பெரிய கவலை விபத்து. ஒரு நொடியில் மூன்றடி போய்விடும். நீங்கள் திரும்புவதற்குள் தரையில் இறக்கி வைத்த குழம்புச் சட்டியிடமோ, தொங்கும் மிக்ஸி ஒயரிடமோ, வாசற்படியிடமோ போய் நிற்கும். கனடா 2004-லேயே வாக்கர் விற்பனைக்குத் தடை போட்டது.

நம் மர நடைவண்டி வேறு விஷயம். அதில் குழந்தை சொந்தக் காலில் நின்று தள்ளுகிறது. எதையாவது பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு, நீங்கள் கூடவே இருந்து பழக்கலாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் மட்டும் வேண்டாம், வண்டி முன்னால் ஓடிவிடும்.

இப்போதைக்குத் தரைதான் அவளுக்குப் பயிற்சிக்கூடம். ஜமக்காளமோ பாயோ விரித்து, சாக்ஸைக் கழற்றிவிட்டு விடுங்கள். பிடித்த பொருளைக் கைக்கு எட்டாத தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். அதை எடுக்க உடம்பைத் திருப்பி ஒரு கையை ஊன்றுவாள்; அங்கிருந்துதான் முட்டி போடுவது பிறக்கும். அப்புறம், கனமான நாற்காலி மீது ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துத் தட்டிக் காட்டுங்கள். விளையாட்டுச் சாமானைவிட அதற்குத்தான் பல குழந்தைகள் எழுந்திருக்கும்!

ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறாள், ஒரு காலை இழுக்கிறாள், கால்கள் விறைப்பாகவோ துவண்டோ இருக்கின்றன, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை – இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். பிடித்து நிறுத்தினால் 12 மாதத்திலும் காலை ஊன்றவில்லை, 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றாலும் அப்படியே. குறைமாதத்தில் பிறந்தவள் என்றால், வயதைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிரசவத்துக்கு மருத்துவர் முதலில் குறித்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள்.