எல்லைக்கு இப்பால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்மாவில் போரில் சிக்கிய, மிசோரமை ஒட்டிய மலைப்பகுதி மக்களான சின் கிறிஸ்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தோம். தேவகோட்டையிலும் காரைக்குடியிலுமாக இருபது குடும்பங்கள் 3 லட்ச ரூபாய் சேர்த்திருக்கிறோம். கோலாலம்பூர் உறவினர்கள் இன்னும் 2 லட்சம் தருகிறார்கள். எங்கள் ஐயாக்கள் ரங்கூனில் கிட்டங்கி வைத்திருந்தவர்கள். வியாபார வருமானத்தில் தர்மத்துக்கென்று மகமை எடுத்துவைத்த பழக்கம் எங்களுக்கும் உண்டு. பணமாக அனுப்புவதா, அரிசி, துணிமணியாக லாரியில் ஏற்றுவதா? கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்குவது சரியா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

லாரி வேண்டாம். பர்மாவுக்குள் பணமும் வேண்டாம். மிசோரமுக்கு அனுப்புங்கள்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. செப்டம்பரில் சின் மாநிலத்து ஊரான தந்த்லாங் எரிந்தபோது தீயணைக்க ஓடிய பாப்டிஸ்ட் போதகரைச் சுட்டுக் கொன்றார்கள், ஊரே காலியானது. அப்படி வெளியேறியவர்களில் 30,000 பேருக்கு மேல் மிசோரமில் இருக்கிறார்கள், பெரும்பகுதி சம்பாய் போன்ற எல்லை மாவட்டங்களில். மிசோக்களுக்கும் சின் மக்களுக்கும் ரத்த உறவு உண்டு. அதனால்தான் ஊர்க்காரர்களே இவ்வளவு நாள் தாங்கினார்கள். ஆனால் ஆதார் இல்லாததால் அகதிகளுக்கு ரேஷன் அட்டை கிடையாது, வங்கிக் கணக்கும் கிடையாது.

எல்லைக்கு அப்பால் பணம் போகும் வழி கெட்டுக் கிடக்கிறது. 2022 ஏப்ரலில் பர்மிய மத்திய வங்கி, வரும் வெளிநாட்டுப் பணத்தை அரசு விகிதத்தில் உள்நாட்டு நாணயமான கியாட்டாக மாற்றியே தீரவேண்டும் என்றது. வெளிச்சந்தை விலைக்கும் அதற்குமான வித்தியாசம் ஏழையின் கைக்கு வராது. அதே ஆண்டு அக்டோபரில் பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு அந்நாட்டைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. மிஞ்சுவது உண்டியல், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆள்மூலம் பணம் மாற்றுவது. அது நம் ஊருக்குப் புதிதல்ல, ஆனால் இன்று அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் புறம்பானது.

இனி உங்கள் 3 லட்சம். அதை ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் குவித்திருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது அவருடைய வருமானமாகிவிடும், வரி கட்டவேண்டும். ஒவ்வொரு குடும்பமும் மிசோரமில் அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்பின் கணக்குக்கு நேராக வங்கி வழியே அனுப்பட்டும். ரசீதும் அவரவர் பெயரில் வரும். அனுப்புமுன் அந்த அமைப்பின் பதிவுச் சான்று, பான் எண், மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, இந்த மூன்றையும் கேளுங்கள். தயங்குகிற அமைப்பை விட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் கிளை உள்ள மிசோக்களின் சமூக அமைப்பான யங் மிசோ அசோசியேஷனிலும் உள்ளூர்த் திருச்சபைகளிலும் விசாரித்தால் எந்த முகாமில் என்ன குறைகிறது என்று தெரியும்.

மலேசியப் பணத்தைத் தொடவே கூடாது. உறவினர் மலேசியக் குடிமகன் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாத குழு அதை வாங்குவது குற்றம். அவர்கள் அங்கேயே கொடுக்கட்டும்: சின் அகதிகளும், பர்மாவிலிருந்து ஓடிய முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களும் கோலாலம்பூரிலேயே ஏராளமாக இருக்கிறார்கள். அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இல்லாததால் சமூகப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

எதை வாங்கச் சொல்வது? முதலில் தார்ப்பாய். மிசோரமில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் மழை, நம் சிவகங்கைச் சீமையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மலிவான மெல்லிய விரிப்பு காற்றில் படபடத்து, கயிறு கட்டும் வளையத்தைச் சுற்றித்தான் முதலில் கிழியும். 4க்கு 6 மீட்டர், சதுர மீட்டருக்கு 200 கிராம், வளையம் வரும் விளிம்பில் கெட்டியான பட்டை, இதுதான் நிவாரண அமைப்புகளின் அளவு. அடுத்தது தண்ணீர்த் தொட்டி; ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் குறைந்தபட்சம். மூன்றாவது, பலர் மறப்பது: மிசோரம் அரசுப் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் பர்மிய மொழியில் படித்த பிள்ளைக்கு அங்கே பாடம் புரிவதில்லை. மாலை வகுப்புக்கு ஓர் ஆசிரியர் சம்பளம் கொடுங்கள். பழைய துணி அனுப்பவே வேண்டாம். பிரித்து அடுக்க ஆள் வேண்டும், மழையில் பூசணம் பிடிக்கும்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். சின் முகாமில் ஏறக்குறைய எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான், ஆகவே அங்கே ஒதுக்குவதற்கு எதுவும் இல்லை. ஆனால் 1982 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2017இல் 7 லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடியவர்கள் ரோஹிங்கியா முஸ்லிம்கள். சென்னையை ஒட்டிய கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தில், ரோஹிங்கியாக் குடும்பங்கள் சில பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கின்றன. உங்கள் மகமையில் ஒரு பங்கு அவர்களுக்கும் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ஒரு தடை: முகம் தெரியும் படம், ஊர்ப் பெயர், ஆலயத்தின் பெயர் எதையும் வாட்ஸாப்பில் போடாதீர்கள். அங்கே மிஞ்சியிருக்கும் உறவினர்கள் பிடிபடுவார்கள். ஆலயங்களும் தப்புவதில்லை: 2025 ஜனவரியில் கத்தோலிக்க மறைமாவட்டமான, சின் மாநிலத்து மிந்தாத்தின் பேராலயம், பிப்ரவரி 6ஆம் தேதி வான்குண்டில் சிதைந்தது.

மே மாதம் மழை பிடித்தால் ஐசாலிலிருந்து சம்பாய் போகும் மலைப்பாதை சரிந்து அடைபடும். தார்ப்பாய்க்கான பணம் மார்ச்சுக்குள் போய்ச் சேரட்டும்.