டெல்லி கணேஷ் கடைசி வரை துணை நடிகராகவே இருந்தது தோல்வியா?

கேள்வியை முழுதாக இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: "400 படங்களுக்கு மேல் நடித்த டெல்லி கணேஷ், அவ்வளவு திறமை இருந்தும் கடைசி வரை துணை நடிகராகவே இருந்துவிட்டார். இதைத் தோல்வி என்று சொல்லலாமா?"

சொல்லக் கூடாது. ஏன் என்று என் வேலையை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். தொலைக்காட்சித் தொடர்களில் பதினைந்து வருடங்களாக அப்பா, சித்தப்பா, பெரியப்பா வேடங்களில் நடிக்கிறேன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தால் ஒருவேளை தெரியும்.

முதலில் ஒரு வார்த்தை விஷயம். எங்கள் தொழிலில் "துணை நடிகர்" என்றால் கூட்டத்தில் நிற்பவர், கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர். அவர்களுக்குத் தனிச் சங்கம், தனி ஏஜென்ட். டெல்லி கணேஷ் செய்தது குணச்சித்திர வேடம், கதையில் தனிப் பெயரும் குணமும் உள்ள பாத்திரம். கூட்டத்தில் நிற்பவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்கு வண்டி ஏறி நாள் முழுக்க வெயிலில் நிற்பது அவர்கள்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. பத்திரிகைகள் இரண்டையும் ஒரே பெயரில் எழுதி எழுதி, "துணை" என்றால் மேலே போக முடியாமல் நின்றுவிட்டவர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

அவர் வந்த வழியைப் பாருங்கள். வல்லநாட்டில் 1944இல் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை பத்து வருடம் விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம். சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நாடகம். 1977இல் பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' மூலம் சினிமா. டெல்லி என்ற அடைமொழியை வைத்ததும் பாலசந்தர்தான். முதல் படத்தின்போதே முப்பதைத் தாண்டிவிட்டார். அதற்கு இரண்டு வருடம் கழித்து 'பசி'யில் ரிக்‌ஷாக்காரர் வேடம், ஷோபாவுக்கு அப்பா. அப்போது அவருக்கு வயது 35. அந்த நடிப்புக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. தன் வயதுக்கு மீறிய தகப்பனாக, அதுவும் ஷோபா மாதிரி ஒரு நடிகைக்கு எதிரே, பசித்த வயிற்றோடு நிற்கிற ஆளாக நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் கொஞ்சம் தெரியும். (இவன் யார், அவரோடு தன்னை ஒப்பிட என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். ஒப்பிடவில்லை. அவர் நின்ற இடத்தின் வாசற்படியில் நின்று சொல்கிறேன், அவ்வளவுதான்.) ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு, சாயங்காலங்களில் சபா நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தேன். 2010இல், 36 வயதில், வேலையை விட்டுவிட்டுத் தொடருக்கு வந்தேன். முதல் வேடமே கல்யாண வயதுப் பெண்ணுக்கு அப்பா. மேக்கப் அண்ணன் காதோரம் வெள்ளை அடித்தார், மூக்குக் கண்ணாடி மாட்டினார், முடிந்தது. ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். காசோலை மூன்று மாதம் கழித்து வரும். சில சமயம் அதற்கும் மேல்.

மூன்றாவது வாரம் ஒரு காட்சி. மகளின் கல்யாணம் நின்றுபோன செய்தியை அவளே வந்து அப்பாவிடம் சொல்கிறாள். வசனம் முழுக்க அவளுக்கு. எனக்கு ஒரு வரிகூடக் கிடையாது. என் தோளை ஓரத்தில் வைத்து அவள் முகத்தைக் காட்டும் சஜஷன் ஷாட், அப்புறம் அவள் முகம் மட்டும் தெரியும் க்ளோஸ் எல்லாம் எடுத்தார்கள். ஆறு மணிக்கு அவளுக்கு வேறு இடத்தில் கால்ஷீட், கிளம்பிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, அந்த வயதில் இரண்டு தொடர் ஓட்டினால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும். என் க்ளோஸ் மட்டும் பாக்கி. அதை எடுக்க இரவு பத்தாகிவிட்டது. காமிராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் தம்பி கையை முஷ்டி மடக்கி நீட்டிக்கொண்டு, "அண்ணா, இதுதான் உங்க பொண்ணு, இதைப் பாருங்கண்ணா" என்றான். அவளுடைய வசனத்தைத் தாளைப் பார்த்து வேகமாகப் படித்தான். மூன்று பக்கம். அந்த முஷ்டியைப் பார்த்து நான் உடைந்துபோக வேண்டும்.

முதல் டேக்கில் நாடகத்தில் செய்வதைச் செய்தேன். தலையில் கை வைத்தேன், உதடு துடிக்கவிட்டேன். இயக்குநர் கத்தவில்லை. "சார், நீங்க கேக்கவே இல்லையே" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது. தம்பியிடம் மெதுவாகப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது டேக்கில் எதுவும் செய்யாமல் அவன் படித்ததைக் கேட்டேன். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைப் பற்றி நடுவில் ஒரு வரி வந்தது. அந்த இடத்தில் என் கண் தானாகக் கீழே போனது. ஓகே ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் 'சிந்து பைரவி'யைப் போட்டேன். 1985இல் வந்த படம், பல தடவை பார்த்தது. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காக மிருதங்க வித்வான் குருமூர்த்தியை (டெல்லி கணேஷ்), பாடகராக வரும் சிவகுமார் வெளியே அனுப்புவார். அன்றைக்கு முதல் முறையாக சிவகுமாரை விட்டுவிட்டு டெல்லி கணேஷை மட்டும் பார்த்தேன். கோபம் ஒருவருடையது, ஆனால் அந்தக் கோபத்தின் எடையை நமக்குக் காட்டுவது இன்னொருவரின் கூனிக் குறுகிய உடம்பு. படத்தின் பின்பாதியில் அதே பாடகர் குடியில் விழும்போது நமக்கு அவ்வளவு வலிக்கிறதென்றால், முன்பாதியில் இந்த மனிதர் பட்ட அவமானம் நம் மனதில் தங்கியிருப்பதும் ஒரு காரணம். கதாநாயகனின் வீழ்ச்சிக்கு அஸ்திவாரம் போட்டது அவர்.

'மைக்கேல் மதன காமராஜ'னிலும் அப்படித்தான். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்த பிறகு டெல்லி கணேஷின் அந்தப் பாலக்காட்டு மணி ஐயர் உண்மையாகவே பதறுகிறார். அவர் சிரிப்புக்காகப் பதறியிருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்காது. பேசுவது பாலக்காட்டுத் தமிழ், பேசுகிறவர் தாமிரபரணிக் கரைக்காரர். அதற்கு முந்தைய வருடம்தான் 'அபூர்வ சகோதரர்க'ளில் நான்கு வில்லன்களில் ஒருவராக வந்தார். ஒரே கமலுக்கு எதிரே இரண்டு வருடத்தில் கொலைகாரனாகவும் சமையல்காரராகவும் வந்து இரண்டையும் நம்பவைத்தார்.

அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதிரே நடிக்கிறவர்களின் க்ளோஸ் எடுக்கும்போது, என் வேலை முடிந்திருந்தாலும் போகமாட்டேன். காமிராவுக்குப் பக்கத்தில் நின்று என் வசனத்தைச் சரியான குரலில் கொடுப்பேன். அந்தப் பெண்ணுக்கே ஒரு நாள் அப்படிக் கொடுத்தேன். கிளிசரின் போடாமலே அழுதாள். ஒளிபரப்பில் அந்த நிமிடத்தில் என் முகம் இல்லை, குரல்கூட இல்லை. ஆனாலும் நான் நடித்ததில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். சீரியல்தானே என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்களுக்குத் தோல்வி என்று ஒன்று உண்டென்றால் அது வேறு இடத்தில் இருக்கிறது. சென்னையில் வீடு தேடிப் பாருங்கள். 2016இல் ஒரு வீடு பார்த்தேன். தண்ணீர் நன்றாக வரும், மகள் பள்ளிக்கு நடந்தே போகலாம். வீட்டுக்காரரின் அம்மா என்னைப் பார்த்ததும் தொடரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரவைத்து, காபி கொடுத்தார். "உங்க தம்பி பண்ண துரோகத்துக்கு நீங்க அவனை மன்னிச்சிருக்கவே கூடாது" என்று என்னிடம் வருத்தப்பட்டார். மறுநாள் புரோக்கர் போன் செய்தார்: "சினிமாக்காரங்களுக்குக் கொடுக்கிறதில்லையாம் சார்." மூன்று மாத வாடகை முன்கூட்டியே தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஏன் என்று என் மகள் கேட்டாள். என்ன சொல்வது? காலையில் டிபன் பாக்ஸோடு போய் இரவு வீடு திரும்புகிற மனிதன் நான். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. தினமும் எட்டு மணிக்கு எங்களை வீட்டுக்குள் விடுகிறவர்கள், நேரில் போனால் வாசலோடு அனுப்புகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்களும் ஆடிஷன்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. "அப்பா ரோல்தான் இருக்கு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது "ஃப்ரெண்டு ரோல்". என் கணிப்பு தவறென்றால் மன்னியுங்கள். சரியென்றால், ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் 'பசி'யை ஒரு தடவை பாருங்கள். எழுபது வயது வரையும் அதற்குப் பிறகும் அவரைத் தேடி வேலை வந்தது. 'கஸ்தூரி', 'செல்லமே' என்று தொடர்கள், புதுப் பையன்களின் குறும்படங்கள், 'இந்தியன் 2' வரைக்கும். 2024 நவம்பர் 9 இரவு, 80 வயதில் போனார். விமானப்படையினர் வந்து மரியாதை செய்தார்கள். நான் வீட்டில் டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முஷ்டி நீட்டிய அந்தத் தம்பி இப்போது தனியாகத் தொடர் இயக்குகிறான். அன்றைக்கு மத்தியானம் போன் செய்து, "அண்ணா, மணி ஐயர் போயிட்டார்ணா" என்றான். அப்புறம் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.