மூன்றாவது தடவை 85-லேயே நின்றுவிட்டது

அன்புள்ள அக்கா,

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருடமாகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க, நியூயார்க் மாநிலத்துக்கு விண்ணப்பித்து என்க்ளெக்ஸ் தேர்வு எழுதி வருகிறேன். முதல் தடவை 150 கேள்வி வரை போய் ஃபெயில். இரண்டாவது தடவை 112. போன மாதம் எழுதியது 85-லேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் கீழேதான் இறங்குகிறேன்.

அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கோச்சிங்குக்கும் பரீட்சைக்கும் பணம் கட்டினோம். மூன்றாவது தடவை எழுதியதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கூடப் படித்தவள் முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டாள். யூனிட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வென்டிலேட்டர் சொல்லிக் கொடுப்பது நான்தான். ஆனால் பரீட்சை என்னை நர்ஸே இல்லை என்கிறது. நைட் டூட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எதற்கு இப்படி இருக்கிறோம் என்று தோன்றுகிறது. மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். கட்டாய இடைவெளி 45 நாள் முடிந்ததும் நாலாவது தேதி போடட்டுமா, விட்டுவிடட்டுமா?

ஃபெயிலானதும் வந்த ரிப்போர்ட்டில் ‘உடலியல் மாற்றங்கள்’ பகுதியில் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே. மருந்துகளில் கோட்டை ஒட்டி. ‘பராமரிப்பு மேலாண்மை’, ‘மனநலம்’ இரண்டிலும் கோட்டுக்குக் கீழே.

ஜெ.

அன்புள்ள ஜெ.,

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எதற்கு இப்படி இருக்கிறோம் என்று. அதிலிருந்தே தொடங்குகிறேன். வேறொரு நோயாளி நைட் டூட்டியில் உங்களிடம் இதைச் சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு நகர்ந்திருக்க மாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்டிருப்பீர்கள். நானும் உங்களிடம் அப்படியே கேட்கிறேன். பதில் ‘ஆமாம்’ என்றாலோ, சில நாள் அப்படித் தோன்றுகிறது என்றாலோ, இந்தக் கடிதத்தின் மிச்சத்தை அப்புறம் படியுங்கள். முதலில் 14416-க்கு அழையுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நர்ஸாக இருப்பவர்கள் தங்களுக்கென்று உதவி கேட்க ரொம்பத் தயங்குகிறார்கள். நீங்கள் தயங்க வேண்டாம்.

சரி, பரீட்சைக்கு வருவோம்.

மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது என்று சொன்னவர்கள் ஏதோ ஒரு மாநிலத்தின் விதியை எல்லா மாநிலத்துக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். ஃப்ளோரிடாவில் மூன்று முறை தவறினால் மறுபயிற்சிப் படிப்பு ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்த முறை எழுதலாம். டெக்சாஸில் படிப்பு முடித்து நான்கு ஆண்டுகளுக்குள் தேறியாக வேண்டும். நீங்கள் விண்ணப்பித்திருக்கும் நியூயார்க்கில் இத்தனை தடவைதான் என்ற வரம்பு கிடையாது. இந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது 150, 112, 85 என்ற கணக்கு. இதை ஒரு படிக்கட்டு போல வைத்துக்கொண்டு கீழே கீழே இறங்குவதாக நினைக்கிறீர்கள். இந்தத் தேர்வு 1994-இலிருந்தே கணினி ஆளுக்குத் தக்கபடி கேள்வியை மாற்றும் முறையில்தான் நடக்கிறது. தனிக் கேள்வி ஒன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்து வருவது கொஞ்சம் கடினமாக இருக்கும், தவறினால் கொஞ்சம் எளிதாக இருக்கும். அதனால் நன்றாக எழுதுபவர்களுக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தவறிப்போகும். பாஸானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘கண்டிப்பா ஃபெயில்னு நினைச்சுத்தான் வெளியே வந்தேன்’ என்பார்கள். ஹாலில் மூச்சடைப்பது போல இருந்திருந்தால் அது எல்லோருக்கும் வருவதுதான். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்த உடனே கணினி நின்றுவிடும். குறைந்தபட்சம் 85 கேள்வி. அதிலும் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, பிற்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. அதிகபட்சம் 150. முதல் தடவை 150 வரை போனீர்கள் என்றால் கடைசிவரை அந்தக் கோட்டை ஒட்டியேதான் நின்றிருக்கிறீர்கள், மேலேயா கீழேயா என்று கணினியால் சொல்ல முடியவில்லை. உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த எண்ணின் பொருளே அதுதான். மூன்றாவது தடவை தெளிவாகக் கீழே இருந்திருக்கிறீர்கள், அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் முதல் தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில் உங்கள் நர்சிங் அறிவு குறைந்திருக்க வழியே இல்லை. அந்த மாதங்கள் முழுக்க வென்டிலேட்டர் நோயாளிகளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? குறைந்தது தூக்கம். கூடியது பயம். இரண்டு தேர்வுக்கு இடையில் 45 நாள் இடைவெளி வேண்டும் என்பது விதி. ஆனால் பல பேர் 45 நாள் போதும் என்று அதைப் புரிந்துகொள்கிறார்கள். நைட் டூட்டி முடித்து வந்து காலையில் நூறு கேள்வி போட்டு, அதே கேள்வி வங்கியை இரண்டாவது முறையும் ஓட்டினால் பதில்கள் மனப்பாடம் ஆகும், ஆப்பில் மதிப்பெண் ஏறும். தேர்வு ஹாலில் அந்தக் கேள்விகள் வராது.

இப்போது உங்கள் ரிப்போர்ட். ஜெ., கடிதத்திலேயே முக்கியமான வரிகள் அவைதான், நீங்கள் அவற்றைக் கடைசியில் ஒட்டவைத்திருக்கிறீர்கள். உயிருக்குப் போராடுகிற உடம்பைப் பார்ப்பதில், அதாவது ஐசியூ வேலையில், கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள். பரீட்சை உங்களை நர்ஸே இல்லை என்கிறது என்று எழுதினீர்கள், அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. கீழே இருப்பது மேலாண்மையிலும் மனநலத்திலும். நம் ஊரிலிருந்து எழுதும் எத்தனையோ நர்ஸ்கள் சறுக்குகிற இடங்கள் இவைதான். காரணம் நீங்கள் வேலை பார்க்கும் வார்டு.

ஒரு நோயாளி அறுவை சிகிச்சைக்கு முந்தின ராத்திரி, ‘பயமா இருக்கு சிஸ்டர், பிழைச்சு வருவேனா’ என்று கேட்கிறார். நம் வார்டில் என்ன சொல்வோம்? கையைப் பிடித்துக்கொண்டு, ‘கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா முடியும், டாக்டர் கைராசிக்காரர்’ என்போம். அந்த நோயாளிக்கும் அதுதான் வேண்டியிருக்கும். என்க்ளெக்ஸில் இது தவறான விடை. உறுதி தர முடியாததற்கு உறுதி தருவது, அவரை மேலே பேசவிடாமல் செய்வது என்று அது கருதும். ‘எதை நினைத்துப் பயமாக இருக்கிறது, சொல்லுங்கள்’ என்பது போன்ற விடைதான் சரி. ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் அதுவும் தவறு, குற்றம் சாட்டுவது போல ஒலிக்குமாம். எனக்கு அந்தக் கையைப் பிடிக்கிற நர்ஸ் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஐந்து மணி நேரம் நீங்கள் வேறொரு ஊர் நர்ஸாக உட்கார வேண்டியிருக்கிறது.

மகன் வந்து, ‘அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்’ என்கிறார். நாம் தலையாட்டுவோம். தேர்விலோ, அந்தத் தகவல் முதலில் அப்பாவுக்குச் சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் மகனிடம் பேசுவதே பிழை. சுயநினைவோடு இருக்கும் நோயாளி ரத்தம் ஏற்ற வேண்டாம் என்றால், குடும்பமே அழுதாலும், அவர் முடிவை மதிக்கும் விடைதான் விடை.

மேலாண்மைப் பகுதியில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2023 பாடத்திட்டப்படி கேள்விகளில் 15 முதல் 21 சதவீதம் வரை இந்தப் பகுதியிலிருந்துதான். எட்டுப் பகுதிகளில் இதுவே பெரியது. எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்பார்கள். அங்கே பதிவுபெற்ற நர்ஸுக்குக் கீழே எல்பிஎன் என்று ஒரு நிலை, அதற்கும் கீழே உதவியாளர். நம் வார்டில் அப்படிப் பிரிவு கிடையாது. பி.எஸ்சி. முடித்தவரும் ஜிஎன்எம் டிப்ளமோ முடித்தவரும் ஒரே வேலையைச் செய்கிறோம், அப்புறம் ஆயாம்மா. அதனால் இந்தக் கேள்விகள் உங்கள் அனுபவத்தில் எங்கேயும் போய் ஒட்டுவதில்லை. நோயாளியை மதிப்பிடுவது, புதிதாகக் கற்றுக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது, நிலை தடுமாறும் நோயாளியைக் கவனிப்பது ஆகியவற்றைப் பதிவுபெற்ற நர்ஸ் கீழே கொடுக்கவே கூடாது. இதை மனதில் நிறுத்திக்கொண்டு பழைய கேள்விகளைத் திரும்பப் பாருங்கள், பாதி புதிர் அவிழும்.

எல்லாவற்றையும்விட, முடிவெடுப்பது. நமக்கு முதல் வருடத்திலிருந்து பழக்கியது, எதுவானாலும் டாக்டருக்குச் சொல் என்பது. ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்கு நடுக்கம், முதுகுவலி. விடைகளில் ‘மருத்துவருக்குத் தெரிவி’ என்று ஒன்று இருக்கும், அது உங்களைக் கூப்பிடும். வார்டில் நீங்கள் யாரையும் கேட்காமல் முதலில் ரத்தத்தை நிறுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும். கேள்வித்தாளைப் பார்த்ததும் உங்களுக்குள் இருக்கும் மாணவி விழித்துக்கொண்டு அனுமதி கேட்கிறாள். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில், ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்கும் தொகுப்புகளும் சேர்த்திருக்கிறார்கள். குறிப்பைக் கவனி, பொருளைச் சொல், எது முக்கியம், என்ன செய்யலாம், செய், பலன் என்ன என்று ஆறு படி. ஐசியூவில் ஒவ்வொரு இரவும் நீங்கள் செய்வது இதைத்தான்.

ஆகவே 45-வது நாள் தேதி போடாதீர்கள், விட்டுவிடவும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள், தூங்குங்கள். அப்புறம் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் விடையைத் தேர்ந்தெடுத்ததும், அதை ஏன் எடுத்தீர்கள், மற்ற மூன்றையும் ஏன் விட்டீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், தமிழிலேயே. சரியாகப் போட்ட கேள்விக்கும் இதைச் செய்யுங்கள். தவறான காரணத்தால் சரியாகிப்போன விடைகள் நிறைய இருக்கும், அவைதான் ஹாலில் கவிழ்ப்பவை. ‘நோயாளிக்கு மேலும் விளக்கம் தேவை என்று எந்தக் கூற்று காட்டுகிறது’ என்பது மாதிரிக் கேள்விகளில், நோயாளி தப்பாகச் சொன்னதைத்தான் தேட வேண்டும். களைத்த மூளை சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடும். இதில் அடிக்கடி மாட்டுகிறீர்களா என்று குறித்து வையுங்கள். மருந்துப் பெயர்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் போதும்: நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபினெஃப்ரின், சால்பியூட்டமால் அல்பியூட்டெரால், பெத்திடின் மெபெரிடின்.

போன வாரம் தேர்வில் வந்த நிஜக் கேள்விகள் என்று டெலிகிராமில் விற்பவர்களிடம் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். தேர்வு எழுதும்போது நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளின்படி அது குற்றம், உங்கள் உரிமமே போகும். பயந்துபோன பிள்ளைகளைப் பார்த்து வலை வீசும் அந்த ஆட்கள் மேல் எனக்குக் கோபம் அடங்குவதே இல்லை.

தேதியை நான்கைந்து மாதம் தள்ளிப் போடுவதால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயப்படுவீர்கள். நர்ஸ்கள் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகும் ஈபி-3 விசாவில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்து ஆண்டுக்கும் மேல் பின்தங்கி நிற்கிறது. ஏஜென்ட்டுகள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். இதே தேர்வைத்தான் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 முதல் ஏற்கின்றன. ஆஸ்திரேலியாவும் 2020 முதல் வெளிநாட்டு நர்ஸ்களுக்கு இதையே முதல் கட்டமாக வைத்திருக்கிறது, அடுத்து நேரடிச் செய்முறைத் தேர்வு ஒன்று உண்டு. பாஸ் செய்தால் மூன்று கதவு திறக்கும், மூன்றிலும் நாலு மாதம் பெரிய விஷயமில்லை.

வீட்டில் சொல்வதைப் பற்றி. சொல்லுங்கள், அம்மாவிடம் முதலில். நகை அவருடையது, அவருக்குத் தெரிய உரிமை உண்டு. ஆனால் காரணம் அது மட்டுமில்லை. யாருக்கும் தெரியாமல் எழுதிய பரீட்சையில் தோற்றால் யாரிடமும் அழ முடியாது. அந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டுதான் அடுத்த தடவை உட்கார்வீர்கள். நாலாவது தேதி எப்போது என்று ஊர் முழுக்க அறிவிக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். வட்டி எவ்வளவு ஓடுகிறது, சம்பளத்தில் மாதம் எவ்வளவு கட்டலாம் என்பதையும் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாலாவது தடவைக்காகப் புதிதாகக் கடன் வாங்க வேண்டாம். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்குத் தேர்வுக் கட்டணம் 200 டாலரோடு இன்னொரு 150 டாலரும் வரியும் சேரும், அதைச் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்த பிறகே பதிவு செய்யுங்கள். தேதியைத் தள்ளிப் போட அதுவே ஒரு நல்ல காரணம்.

மேலாளரிடம் கேட்டு, தேர்வுக்கு முந்தைய பத்து நாளாவது பகல் ஷிஃப்ட் வாங்க முடியுமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் இருக்கும் விடுப்பை அதற்கென்று சேர்த்து வையுங்கள்.

மூன்று ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்புங்கள், பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டு. முதல் தடவை மேலே இருந்து மூன்றாவது தடவை கீழே வந்த பகுதி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். 14416 பற்றி நான் கேட்டதற்கும் அந்தக் கடிதத்திலேயே பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா