தண்ணீரை உங்க வீட்டுல என்னன்னு சொல்வீங்க? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவர். ‘எங்க வீடு’ என்று ஒரு நாள் வைத்து, அவரவர் வீட்டு உடையில், வீட்டுப் பலகாரத்தோடு வரச் சொல்ல ஆசை. ‘அது கடைசியில சாதியில போய் நிக்கும், விட்டுடுங்க டீச்சர்’ என்கிறார் சக ஆசிரியர். உங்கள் கருத்து என்ன?

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

விட்டுவிடாதீர்கள். ஆனால் சக ஆசிரியரின் பயம் நியாயமானது. ‘உங்க வீட்டுப் பழக்கம் என்ன’ என்று கேட்டால் அடுத்த கேள்வி எதுவென்று நம் ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

என்னோடு படித்த ஒரு பையன் சேர்வராயன் மலைக்காரன். சான்றிதழில் ‘மலையாளி’ என்று இருந்தது. பள்ளி விழாவில் அவனுக்குச் சரிகைக் கரை வேட்டி கட்டி, ‘ஓணம் பற்றி மலையாளத்தில் நாலு வார்த்தை பேசு’ என்று மேடையேற்றிவிட்டார்கள். அவன் வீட்டு மொழி தமிழ். அவர்கள் கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்கிற மலையாளிகள் என்னும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியவர் சேர்வராயனிலும் மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கியதாக அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் பேசாமல் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் உடையை விட்டுவிடுங்கள். சொல்லிலிருந்து தொடங்குங்கள். ‘தண்ணீரை உங்க வீட்டுல என்னன்னு சொல்வீங்க?’ என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். கன்னட வீட்டுப் பிள்ளை ‘நீரு’ என்னும், தெலுங்குப் பிள்ளை ‘நீள்ளு’ என்னும். சௌராஷ்டிரப் பிள்ளை ‘பானி’ என்றதும் உருதுப் பிள்ளையும் பீகார்ப் பிள்ளைகளும் ‘எங்க வீட்டுலயும் அதேதான்!’ என்று துள்ளுவார்கள். சௌராஷ்டிர நெசவாளர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத் பக்கத்திலிருந்து கொண்டுவந்த சொல் அது. ஊர் ஊராக நடந்து வந்த கதையை அங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்து, தறி போடுகிற தாத்தா யாரையாவது கூப்பிடுங்கள். நீளவாட்டில் போகிற பாவு எது, குறுக்கே போகிற ஊடை எது, ஊடையை இழுத்துக்கொண்டு நாடா எப்படி ஓடும் என்று காட்டட்டும். அறுந்த இழையை அவர் விரலிடுக்கில் முறுக்கிச் சேர்ப்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கொலுசுப் பட்டறைக்குப் போகிற அம்மா இருந்தால் அவரும் வரட்டும்.

பலகாரம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். டிபன் பாக்ஸைத் திறந்ததும் வசதி தெரிந்துவிடும். தட்டுவடை செட் போடுவதற்கு வேண்டியதை வாங்கிவைத்து, பிள்ளைகளே பீட்ரூட்டும் கேரட்டும் துருவட்டும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைக்கிற சட்னி அவரவர் வீட்டுப் பக்குவம்.

பீகார்ப் பிள்ளைகளின் அம்மாவைத் தமிழ் வராது என்று விட்டுவிடாதீர்கள். அவர் தன் மொழியிலேயே ஒரு தாலாட்டுப் பாடட்டும், மகளோ மகனோ தமிழில் சொல்லட்டும்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிடுகிறேன். கடைசி வரிசையில் கொஞ்சம் இடம் போதும்.

அன்புடன்.