வெப்ஸ்டர் ஆணா பெண்ணா?

அன்புள்ள ஐயா,
பழைய புத்தகக் கடையில் ஒரு வெப்ஸ்டர் அகராதி வாங்கினேன். வெப்ஸ்டர் என்ற குடும்பப்பெயருக்கு நெசவுக்காரன் என்று பொருளாமே? இங்கிலாந்திலும் தொழில்தான் பெயரானதா? நாமும் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டால் என்ன?
கே.

அன்புள்ள கே.,

குடும்பப்பெயர் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். தொழில் பெயரானது உண்மைதான். ஸ்மித் கொல்லர், டெய்லர் தையற்காரர். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் ‘நெசவுக்காரன்’ என்று எழுதினீர்களே, அந்த ‘ன்’ எங்கிருந்து வந்தது? கல்லூரியில் எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். முப்பது வருஷம் நானும் அதையே மற்றவர்களுக்குச் சொன்னேன். நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் நெய்கிற ஆண் ‘வெப்பா’. அதுதான் வெப் என்ற பெயர். நெய்கிற பெண் ‘வெப்பெஸ்ட்ரே’. அவள்தான் வெப்ஸ்டர்! அந்த ‘ஸ்டர்’ பெண்பால் விகுதி. ரொட்டி சுடுகிறவன் பேக்கர், சுடுகிறவள் பேக்ஸ்டர். மது காய்ச்சுகிறவன் புரூவர், காய்ச்சுகிறவள் புரூஸ்டர். பிறகு, முக்கியமாக வடக்கே, ஆண்களையும் அதே சொல்லால் அழைத்தார்கள். பெயர் தகப்பன் வழியில் இறங்கியது. அவள் மறைந்துபோனாள்.

மதுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1348இல் கொள்ளைநோய் வருவதற்கு முன்பு ஊர்களில் ஏல் என்ற தானிய மதுவைக் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏல் சில நாளில் புளித்துவிடும், அதனால் வீட்டு அடுப்பிலேயே அடிக்கடி காய்ச்சினார்கள். அப்புறம் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்த்த பீர் வந்தது. கெடாமல் இருந்தது, தூரத்துக்கு அனுப்ப முடிந்தது. பெரிய கொப்பரையும் கையில் முதலும் வேண்டியிருந்தது. தொழில் ஆண்கள் கைக்குப் போனது. புரூஸ்டர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. இதைப் படிக்காமல் பெயரின் பொருளை மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய அகராதியைத் தேடிப்போய் வாங்குகிறவர் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஸ்பின்ஸ்டர் என்ற சொல்லும் அந்த வரிசைதான்: நூல் நூற்பவள். 17ஆம் நூற்றாண்டில் அது மணமாகாதவளைக் குறிக்கும் சட்டச் சொல்லாகிவிட்டது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் 2005 வரை அப்படித்தான் எழுதினார்கள்.

உங்கள் அகராதியில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். எந்தப் பொருளை முதலில் போட்டிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.