ஏப்ரலில் திறக்க முடியுமா?

கேள்வி: பி.இ. சிவில் முடித்துவிட்டு, கோத்தகிரியில் ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் ஒன்றரை வருடமாக சைட் இன்ஜினீயராக இருந்தேன். போன மாதம் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டு அறை கொண்ட தங்கும் விடுதி. இப்போதுதான் சுவர் எழுகிறது, டிசம்பரில் மேல்தளம் போட வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் திறந்தே ஆக வேண்டும் என்றார் உரிமையாளர். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மேஸ்திரிக்கு என் அப்பா வயது. 'அம்மணி' என்றுதான் கூப்பிடுகிறார். அவரிடம் எப்படி வேலை வாங்குவது? கடன் வாங்கியாவது பி.எம்.பி. என்ற ப்ராஜெக்ட் நிர்வாகச் சான்றிதழ் படித்துவிடுங்கள் என்கிறது ஒரு பயிற்சி மையம். படிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சான்றிதழில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுவோம். நான்கு வருடப் பட்டம் பெற்றவர்கள் பி.எம்.பி. தேர்வு எழுத, ப்ராஜெக்ட்டுகளை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதம் வேண்டும். கூடவே 35 மணி நேர வகுப்பு. நீங்கள் பொறுப்பேற்றே ஒரு மாதம்தான் ஆகிறது. இன்று பணம் கட்டிச் சேர்ந்தாலும் தேர்வு எழுத முடியாது. இதைச் சொல்லாமல் உங்களைக் கடன் வாங்கச் சொல்வது நியாயமே இல்லை. பி.எம்.பி. தேர்வை நடத்தும் அமைப்பின் இன்னொரு தேர்வான சி.ஏ.பி.எம். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கானது. அதற்கு அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேர வகுப்பு போதும். அதற்கும் அவசரம் இல்லை, இந்த விடுதி முடியட்டும்.

இனி தூக்கத்துக்கு வருவோம். யாரையும் கேட்காமல் சொன்ன அந்தச் 'சரி'தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. நானும் அப்படிச் சொல்லி, அப்புறம் அதை மறைக்கப் பார்த்தவன்.

2009இல் கேத்தி பக்கம் ஒரு சிறிய மண்டபம் கட்டும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அக்டோபர் கடைசியிலேயே இரண்டு வாரம் பின்தங்கியிருந்தோம். எப்படியாவது பிடித்துவிடலாம் என்று உரிமையாளரிடம் வாயே திறக்கவில்லை. நவம்பர் 10ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. நீலகிரி மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோடு சரியானதும் உரிமையாளர் வந்தார். தாமதம் முழுவதையும் நான் மழைக் கணக்கில் எழுதிக் காட்டினேன். அவர் சைட் டைரியை வாங்கிப் புரட்டினார். அக்டோபர் 30ஆம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்து, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, தை மாசக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்க மாட்டேனே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அதனால் சொல்கிறேன், இந்த வாரமே அந்தச் 'சரி'யைத் திரும்ப வாங்குங்கள். வெறும் கையோடு போகாமல் கணக்கோடு போங்கள். அந்தக் கணக்கு மேஸ்திரியிடம்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் 'அம்மணி' என்பது அன்பாகவும் மரியாதையாகவும் கூப்பிடுவது, அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் டீ வாங்கிக்கொடுத்து, பிளானை விரித்து, "அண்ணா, எத்தனை நாள் ஆகும், எது இல்லேன்னா வேலை நிக்கும்?" என்று கேளுங்கள். உங்கள் எக்செல்லில் இல்லாதது எல்லாம் அப்போது வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து எம்-சாண்ட் லாரி ஏறி வந்தாலும் சைட்டுக்குத் திரும்பும் ரோட்டில் நுழையாது, கீழே இறக்கி பிக்கப்பில் நாலைந்து நடை அடிக்க வேண்டும் என்பார். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு யார் யார் லீவு, ஒடிசா ஆட்கள் எப்போது ஊருக்குப் போவார்கள் என்பார். சொல்லச் சொல்ல அவர் எதிரிலேயே எழுதுங்கள். தன் வாயால் சொன்ன நாளை அவர் காப்பாற்றப் பார்ப்பார், நீங்கள் திணித்த நாளுக்கு அந்த மரியாதை கிடைக்காது.

டிசம்பர் மேல்தளம்தான் எனக்குக் கவலை. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 படித்திருப்பீர்கள். சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு, அதைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை எடுக்க 7 நாள், அதற்கு மேல் 14 நாள். ஆனால் குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்குத்தான் அந்தக் கணக்கு. கோத்தகிரியில் டிசம்பர் ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். முட்டு நிற்கும் வரை கீழே பூச்சு வேலையும் நகராது. அந்தக் கூடுதல் நாட்களை இப்போதே கணக்கில் சேருங்கள், யார் அவசரப்படுத்தினாலும் முட்டுகளை எடுக்க விடாதீர்கள்.

அடுத்து, எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் திறப்பு விழாவே ஒரு நாள் தள்ளும் என்று பாருங்கள். கிரிட்டிக்கல் பாத் என்று படித்தது இதைத்தான், 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில் உருவான முறை. உங்கள் விடுதியில் அது அநேகமாக ஜன்னலில் வந்து நிற்கும். பூச்சு முடிந்து, அளவு எடுத்து, அப்புறம் கோவையில் ஆர்டர் கொடுத்தால் ஏப்ரலில் ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட்தான் கட்ட வேண்டியிருக்கும். ஜன்னல் அளவை இன்றே முடிவு செய்து, அதே அளவில் ஒரு மரச்சட்டம் அடித்து மேஸ்திரியிடம் கொடுங்கள். ஒவ்வொரு திறப்பையும் அந்தச் சட்டத்தை வைத்தே கட்டட்டும். ஆர்டரை இப்போதே கொடுத்துவிடலாம், சில வாரங்கள் மிச்சம்.

மலைப்பகுதியில் கட்ட வாங்க வேண்டிய ஹாக்கா அனுமதி, மண் தோண்டும் ஜேசிபி இயந்திரத்துக்கான அனுமதி எல்லாம் கையில் இருக்கிறதா என்று ஃபைலை நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள். "இருக்கு மேடம்" என்று ஆபீசில் சொல்வதை நம்பி உட்காராதீர்கள்.

இவ்வளவும் ஒரு தாளில் வந்த பிறகு, முதலில் உங்கள் முதலாளியிடம் காட்டிவிட்டு, உரிமையாளரிடம் போங்கள். ஒரேயடியாக முடியாது என்று சொல்ல வேண்டாம். கணக்கு அப்படி வந்தால், "சார், அன்னைக்கு மேஸ்திரியைக் கேட்காம சொல்லிட்டேன், தப்பு என்னோடது. ஏப்ரல்ல எட்டு ரூம் தர்றோம், மீதி நாலு ரூம் மே கடைசியில. பன்னிரண்டும் ஏப்ரல்லயே வேணும்னா ஜன்னலுக்கு இந்த வாரமே பணம் வேணும், இன்னொரு செட் ஆளும் வேணும்" என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார். ஆனால் சீசனுக்கு எத்தனை ரூம் புக்கிங் எடுக்கலாம் என்று அவருக்கு இன்றே தெரிந்துவிடும், மார்ச்சில் தெரிந்து அவர் என்ன செய்வது? அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு நாலு வரி அனுப்புங்கள். என்ன முடிந்தது, என்ன நிற்கிறது, அவர் எதை எந்தத் தேதிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கட்டும்.

மேஸ்திரி எத்தனை நாள் சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.