கேள்வி பதில்: மெக்கிட்ரிக் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம்

கேள்வி: மேற்கு டெக்சாஸில் உள்ள குவாடலூப்பே மலைத் தேசியப் பூங்காவின் மெக்கிட்ரிக் பள்ளத்தாக்கில் மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்க்க, நானும் கணவரும் எங்கள் 12 வயது மகளுடன் செல்ல விரும்புகிறோம். எந்த வாரம் போகலாம்? ஓடைக்கரையிலேயே கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்க முடியுமா? (வாசகி, டாலஸ்)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பயணத் திட்டம் முழுவதும் அதைப் பொறுத்துத்தான் அமையும். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் இரவு தங்க அனுமதி கிடையாது. ஓடையில் கால் நனைப்பதும்கூடத் தடை செய்யப்பட்டுள்ளது. சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே சில இடங்களில் மறைந்து, சில இடங்களில் மீண்டும் வெளிப்படும் அந்தச் சிறிய ஓடையை நம்பித்தான் அங்குள்ள மரங்களும் மீன்களும் பறவைகளும் வாழ்கின்றன என்பதால், இந்தக் கட்டுப்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன்.

தங்குவதற்கு உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காரிலேயே சென்று சேரக்கூடிய பைன் ஸ்பிரிங்ஸ் முகாம். அங்கே குடிநீரும் கழிவறையும் உண்டு, குளியலறை கிடையாது. மற்றொன்று, பள்ளத்தாக்கின் நுழைவிடத்திலிருந்து ஏறத்தாழ 7.5 மைல் நடந்து, 2,500 அடிக்கு மேல் ஏறி அடைய வேண்டிய மெக்கிட்ரிக் ரிட்ஜ் முகாம். இதற்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மலைமுகட்டில் விடிவதைப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரக்கூடியதுதான். ஆனால், மேலே சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று பூங்கா நிர்வாகம் கூறும் கணக்கின்படி, மூன்று பேருக்கு இரண்டு நாளுக்கு 24 லிட்டர் வேண்டும். மகளால் தன் பங்கைச் சுமக்க இயலாது என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் மட்டுமே ஆளுக்கு 12 கிலோ என்று நீங்களும் கணவரும் தூக்க வேண்டியிருக்கும். கூடாரமும் படுக்கையும் உணவும் அதற்கு மேல். ஆகவே முதல் பயணத்தில் பைன் ஸ்பிரிங்ஸில் தங்கி, பகலில் பள்ளத்தாக்கில் நடந்துவிட்டு வருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பைன் ஸ்பிரிங்ஸ் ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இருக்கிறது. நவம்பர் இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கக்கூடும் என்பதால், உறைநிலைக்கும் தாக்குப்பிடிக்கும் ஸ்லீப்பிங் பேக் அவசியம். அடியில் விரிக்கும் மெத்தையும் அதே அளவு முக்கியம், ஏனெனில் உடலின் சூட்டைத் தரைதான் அதிகமாக உறிஞ்சுகிறது. குவாடலூப்பே மலைக்காற்று பெயர்போனது. பகலில் நடக்கப் புறப்படும் முன், கூடாரத்தின் எல்லாக் கயிறுகளையும் இழுத்துக் கட்டி, உள்ளே கனமான பொருட்களை நான்கு மூலைகளிலும் வைத்துவிட்டுச் செல்லுங்கள். விறகோ கரியோ எரிப்பதற்குப் பைன் ஸ்பிரிங்ஸில் தடை உண்டு. காஸ் அடுப்பு மட்டுமே பயன்படுத்தலாம். தீ மூட்டிச் சுற்றி அமரலாம் என்று மகள் எண்ணியிருந்தால், அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

இனி, எந்த வாரம் என்ற கேள்வி. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் நிறம் உச்சத்தை அடைவது வழக்கம். ஆண்டுக்கு ஆண்டு இது முன்பின்னாக மாறும். நிறம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதைப் பூங்கா நிர்வாகமே அந்நாட்களில் அறிவிக்கிறது. வார இறுதியில் வாகன நிறுத்துமிடம் நிரம்பி, ஒரு கார் வெளியேறினால்தான் அடுத்தது உள்ளே போக முடியும் என்ற நிலை வரும் என்பதால், மகளின் பள்ளிக்கு ஒன்றிரண்டு நாள் விடுப்பு எடுத்தாவது வார நாளில் செல்லுங்கள்.

கேள்வி: சுற்றிலும் கள்ளியும் கற்றாழையும் முளைக்கும் வறண்ட நிலத்தில் மேப்பிள் மரம் எப்படி வந்தது? சில ஆண்டுகளில் செக்கச்செவேலென்றும் சில ஆண்டுகளில் மங்கலாகவும் இருப்பது ஏன்? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: அந்த மரங்கள் அங்கே வந்தவை என்பதைவிட, அங்கே எஞ்சியவை என்பதே பொருத்தம். பனி யுகத்தில் அப்பகுதி இன்றைக்கு இருப்பதைவிடக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருந்தது. பிறகு நிலம் சூடேறிப் பாலையானபோது, உயர்ந்த பாறைச் சுவர்களின் நிழலும் ஊற்றுநீரும் சேர்ந்த இடங்களில் மட்டும் பெரும்பல் மேப்பிள் எனப்படும் இந்த இனம் தாக்குப்பிடித்தது. அந்தச் சுவர்களின் கதையோ அதைவிடப் பழையது: ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கிருந்த வெப்பக் கடலில் கடற்பஞ்சுகளும் பாசிகளும் படிந்து எழுப்பிய திட்டின் பகுதியே இன்று மலையாக நிற்கிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, மஞ்சளும் சிவப்பும் ஒரே வழியில் வருவதில்லை. மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டு கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருக்கிறது; பச்சையம் சிதைந்ததும் அது கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனினோ பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உருவாகிறது. காம்பின் அடியில் அடைப்புத் திசு வளர்ந்து, இலையில் சர்க்கரை தேங்கும்போது, வெயிலின் உதவியோடு அது தயாராகிறது. ஆகவே, பளிச்சென்ற பகலும் உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமைந்த ஆண்டில் சிவப்பு தூக்கலாக இருக்கும். மேகமூட்டம் நீடித்தால் மங்கும். கடும் வறட்சியிலோ முன்கூட்டிய உறைபனியிலோ இலைகள் சிவக்காமலே காய்ந்து விழக்கூடும். ஓரிலை மற்றோரிலையின்மேல் படிந்திருக்கும் கிளை ஒன்றை நின்று பாருங்கள். மேலிலை மறைத்த இடம் மஞ்சளாகவும், வெயில் பட்ட இடம் சிவப்பாகவும், நடுவே தெளிவான எல்லைக்கோட்டோடு ஒரே இலை அமைந்திருப்பதைக் காண வாய்ப்புண்டு.

கேள்வி: என் பெற்றோர் இருவரும் 70 வயதை நெருங்குகிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவர்களை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லலாம்? (வாசகர், ஆஸ்டின்)

பதில்: பிராட் கேபின் என்னும் பழைய கல்வீடு வரை, அதாவது போக 2.4 மைல், வர 2.4 மைல் என்று திட்டமிடுங்கள். ஏற்றம் குறைவு, ஆனால் சரளைக்கல் நிறைந்த பாதை என்பதாலும், ஓடைப்படுகையைக் கற்களின்மேல் கால் வைத்துக் கடக்க வேண்டியிருப்பதாலும், அம்மாவுக்கு இரு கைகளுக்கும் ஊன்றுகோல் கொடுங்கள். தொடக்கத்தில் பாதை வறண்டு வெறிச்சோடித் தெரியும். இதற்காகவா வந்தோம் என்று அங்கேயே திரும்பிவிடாதீர்கள். உள்ளே போகப் போகத்தான் மேப்பிள்கள் அடர்ந்து வரும். அந்தக் கல்வீட்டை 1930-களில் கட்டிய நிலவியலாளர் வாலஸ் பிராட், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 5,000 ஏக்கருக்கும் அதிகமான தம் நிலத்தை மக்களுக்காகக் கொடையளித்தார். 1972-இல் திறக்கப்பட்ட பூங்காவுக்கு அதுவே தொடக்கமாக அமைந்தது. பெற்றோர் அங்கே அமர்ந்து இளைப்பாறும் நேரத்தில், கால் வலுவுள்ளவர்கள் இன்னும் 1 மைல் நடந்து குரோட்டோ எனப்படும் சிறு குகையைப் பார்த்துவிட்டு வரலாம்.

நேரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பூங்கா பின்பற்றுவது ஆஸ்டினின் நேரத்தை அல்ல, அதற்கு ஒரு மணி நேரம் பிந்திய மலை நேரத்தை. கைபேசியோ இரண்டில் எதையும் காட்டக்கூடும். பள்ளத்தாக்குச் சாலையின் கதவு மாலையில் பூட்டப்பட்டுவிடும் என்பதால், நுழைவிடத்தில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்து, அம்மாவின் நடைவேகத்துக்கு ஏற்ற அவகாசத்தோடு கேபினிலிருந்து திரும்புங்கள்.